அழிந்துபோன ஆவணி

நர்மதா காசு வாங்கிக்கொண்டுதான் அழித்தாள் என்று சொல்கிற வாய் எதுவோ, அது என் எதிரில் வந்து சொல்லட்டும். பேத்தி என்பதற்காகப் பரிந்து பேசவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

போன வருஷம் ஆவணியில் எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து காற்று நாறியதே, குப்பமே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடினோமே. கெங்கம்மா மகன் பிரகாஷுக்கு அன்றைக்குப் பிடித்த இரைப்பு, இன்னும் வலை இழுக்க முடியவில்லை. அதற்குத்தான் விசாரணை நடக்கிறது. அந்தக் கம்பெனியில்தான் நர்மதாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை.

மதிலோரம் மாட்டிய மீட்டர்கள் ஓயாமல் காற்றை அளந்து அனுப்புமாம். எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தால் தேடுவதற்குள் கம்ப்யூட்டர் படுத்துவிடும் என்று, மாசத்துக்கு ஒரு தடுப்பாகப் பிரித்து வைத்திருந்தாள். வருஷம் தாண்டிய மாசத்தை ஆபீசிலுள்ள இன்னொரு பெட்டியில் காப்பி எடுத்துவிட்டு, பழைய இடத்திலிருந்து நீக்க வேண்டும். யாரும் கை வைக்காமல் தானாக நடக்கும்படி நாள் குறித்தவளும் அவள்தான். முதல் நாள் காப்பி, மறுநாள் அழிப்பு.

அந்தப் போன வருஷ ஆவணியைக் காப்பி எடுக்க வேண்டிய நாள், இந்த வருஷம் ஆயுத பூஜையில் விழுந்தது. படகு எஞ்சினுக்கே பொட்டு வைத்து நிறுத்திவிடுகிற ஜனம் நாம். அவளும் காப்பிப் பெட்டியை அணைத்து, சந்தனம் வைத்து, பூப் போட்டுவிட்டு வந்தாள். மீட்டர் கணக்கெல்லாம் கிடக்கிற பெரிய கம்ப்யூட்டர் வேறு ஊரில் இருக்கிறது. அதற்கேது பூஜை? மறுநாள் சொன்னபடி ஆவணியை அழித்துவிட்டது. காப்பி வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு அழி என்று இவள் சொல்லி வைக்கவில்லை. தப்பு அதுதான். அந்த மாசத்தைத் தொடாதே என்று மேலே இருப்பவர்களும் சொல்லவில்லை.

மேனேஜர் கூப்பிட்டாராம். "அந்த மாசம் மீட்டரே ரிப்பேர்னு சொல்லிடும்மா. இருந்துச்சு, அழிஞ்சிடுச்சுன்னு சொன்னா உன்னைத்தான் உள்ள வைப்பாங்க."

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை அவளுக்கு. கதவை யாராவது தட்டினால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். தெரு முனையில் முன்பின் பார்க்காத ஒருத்தன் பைக்கில் உட்கார்ந்து நம் வீட்டையே பார்ப்பான். கம்பெனி அனுப்பிய ஆளோ என்று நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

குழாயடியில் கெங்கம்மா கேட்டாள். "இன்னா ஆயா, உம் பேத்தி எவ்ளோ வாங்கிகினா?"

"வாங்கியிருந்தா எங்க வூடு ஏன்டி இன்னும் ஒழுவுது? ஏறி அடைச்சிட்டுப் போ!"

சிரித்தார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கு விசாரணை. காலையில் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன்.

"நவுரு ஆயா."

"நவுர மாட்டேன். கம்முனு வூட்ல கெட. உள்ள வெச்சிட்டான்னா நான் எங்க போய் அழுவறது?"

"எனக்கு மட்டும் பயம் இல்லியா? ஆனா அந்த ஆவணில மீட்டரு ஏறுனத நான் கண்ணால பாத்தேன் ஆயா. ரிப்பேருன்னு சொல்லிட்டா, பிரகாஷுக்கு வந்த இரைப்பும் பொய்யின்னுடுவாங்க. நான்தான் தொலைச்சேன்னு சொல்லிடறேன்."

அப்படியும் நான் எழுந்திருக்கவில்லை. என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, ஓரமாக உட்கார வைத்தாள். அவள் கை ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது. அந்தக் கையாலேயே புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.