சுவர் இல்லாத வீட்டின் கதவு

குரங்கணி அடிவாரத்தில் ஓலைக் குடிசையில் இருந்த மதினி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். ஆள் குள்ளம். காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. சர்க்கார் கட்டித் தருவதாகச் சொன்ன வீட்டுக்குக் கதவும் நிலையும்தான் முதலில் வந்து இறங்கின. செங்கல் வருவதற்குள் பட்ஜெட்டில் பணத்தைக் குறைத்துவிட்டார்கள்.

"கதவ நட்டுவச்சுப் பூட்டுங்க மதினி, களவாணிப் பய நொழஞ்சிரப் போறான்" என்று சீண்டினேன்.

"ஆமா கொழுந்தனாரே, அரமணையில்ல!" என்று சிரித்தவள், நிசமாகவே குடிசை முன்னால் நட்டுவிட்டாள். தினமும் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மலையேறுவாள்.

ஒருநாள் வீடு முடிந்ததா என்று பார்க்க ஓவர்சியர் வந்தார். ஜீப்பிலிருந்து பார்த்தால் புதர் மறைப்பில் கதவு மட்டும்தான் தெரியும். "பூட்டிக் கெடக்கு. குடியேறியாச்சுன்னு எழுதுய்யா" என்றார் குமாஸ்தாவிடம். நான் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் ஜீப்பு கிளம்பிவிட்டது. ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். எழுதியது எழுதியதுதான் என்றார்கள். மறுவருசம் செங்கல்லுக்குப் பணம் வந்தபோது பட்டியலில் அவள் பேர் இல்லை.

ஐப்பசி மழையில் குடிசை சரிந்தது. நனைகிற பிள்ளைகளுக்கு மேலே சாய்த்து வைக்கக் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "அந்தப் பக்கத்தப் பிடிங்க கொழுந்தனாரே, வெரசா" என்றாள். யார் சொல்லி நட்டது என்று அவள் கேட்கவே இல்லை. ஒரு வார்த்தை வைதிருக்கலாம்.