தனியாகப் பிழிந்த தேங்காய்ப்பால்

எண்பதாம் வருஷமோ எண்பத்தொன்றோ, சரியாக நினைவில்லை. சேந்தமங்கலத்துக்கு வெளியே ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ பேக்டரி. அதன் பின்னால் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவருக்கு பேக்டரிக்கு வரும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லோடு எடை போடும் வேலை. எனக்கு வீட்டு வேலை போக மிச்ச நேரமெல்லாம் அரட்டைதான்.

அரட்டைக்குக் கூட்டு இரண்டு பேர். ஒருத்தி திருச்செங்கோட்டுக்காரி. அவள் கணவர் போர் போடும் ரிக் வண்டியில் டிரைவர். போனால் மாசக்கணக்கில் வெளி மாநிலம்தான். அதனாலோ என்னவோ அவளுக்கு வாய் ஓயவே ஓயாது. இன்னொருத்தியை எல்லோரும் மலேயாக்காரம்மா என்போம். அவள் கணவர் பேக்டரியில் மோட்டார் மெக்கானிக்.

மலேயாக்காரம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகம் அச்சு அசல் சீன முகம். வாயைத் திறந்தால் நம்மைவிட நல்ல தமிழ். பிறந்தது மலேயாவில், ஒரு சீனக் குடும்பத்தில். கைக்குழந்தையாக இருந்தபோதே தோட்டத்தில் வேலை செய்த ஒரு தமிழ்க் குடும்பம் அவளை வாங்கி வளர்த்தது. அங்கே அப்படி நிறையப் பேர் வளர்ந்தார்களாம். பிழைக்கப் போன இந்தப் பக்கத்துப் பையன் அவளைக் கட்டிக்கொண்டார். அங்கே வேலை செய்ய அனுமதி கிடைக்காமல் போகவே, பிள்ளைகளோடு இங்கே வந்துவிட்டார்கள். அவள் பஸ்ஸில் ஏறினால் போதும், மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். அவள் பாட்டுக்கு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

புதன்கிழமை மதியம் நாங்கள் மூவரும் ஒரு வீட்டில் கூடிச் சமைப்போம். ஆண்களும் பிள்ளைகளும் இல்லாத நேரம். எங்களுக்குப் பிடித்ததை எங்களுக்காகவே சமைத்துச் சாப்பிடும் ஒரே நாள் அது. ஒருமுறை டிரைவர் வீட்டுக்காரி சந்தவை, அதுதான் எங்கள் பக்கத்து இடியாப்பம், பிழிந்து வைத்திருந்தாள். நாங்கள் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தபோது, மலேயாக்காரம்மா பாதியை எடுத்துப் பூண்டு, மிளகாய், முட்டைக்கோஸ் போட்டு வாணலியில் பிரட்டினாள். அங்கே இதுமாதிரி ஒன்றுக்கு மீ என்று பேர் என்றாள். சந்தவையை இப்படிப் பாழாக்குகிறாளே என்று முதலில் திட்டியவள் டிரைவர் வீட்டுக்காரி. வாணலியை வழித்துச் சாப்பிட்டவளும் அவளேதான்.

சாப்பிடும்போது பேச்சு எப்படியும் மாமியார்களில் வந்து நிற்கும். என் மாமியாருக்கு என் குழம்பில் எப்போதும் உப்பு ஜாஸ்தி. டிரைவர் வீட்டுக்காரியின் மாமியாருக்கு எப்போதும் உப்புக் கம்மி. நாங்கள் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு புலம்புவோம். மலேயாக்காரம்மா சிரித்துக்கொண்டே கேட்பாள். ஒருநாள் மட்டும், "உங்களைக் குறை சொல்றதுக்கு ஆளாச்சும் இருக்குதுங்க்கா" என்றாள்.

அவள் மாமியார் அவள் கையால் சாப்பிடுவதில்லை. அது எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மகன் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டான், அதிலும் பெண் என்ன கூட்டம், என்ன குலம் என்று சொந்தபந்தம் கேட்டால் பதில் சொல்ல வழியில்லை என்ற கோபத்தில் அந்தம்மா குலதெய்வக் கோயிலில் வைத்து, "அவ கையால உப்புப் போட்டதத் திங்க மாட்டேன்" என்று நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து வீம்பு அப்படித்தான் போகும். டீ, பழம், இனிப்பு எல்லாம் விருந்தாளிக்கான மரியாதை. அதில் தப்பில்லை. உப்புப் போட்டதை வாயில் வைத்தால்தான் உறவு.

ஆனால் பேரப்பிள்ளைகளைப் பார்க்காமல் அந்தம்மாவால் இருக்க முடியாது. மாதம் ஒருமுறை புதுச்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துவிடுவார். ஒரு கையில் கடலைக்காய்ப் பை. இன்னொரு கையில் தூக்குப்போசி. போசிக்குள் அவருடைய மதியச் சோறு. கேட்டால், "எனக்குப் பல்லு செரியில்லீங்க, நாங் கரைச்ச கஞ்சிதான் ஒத்துக்குது" என்பார். மருமகள் கொடுக்கும் டீயைக் குடிப்பார், பேரப்பிள்ளைகளுக்குத் தலைவாருவார், போசியைக் கழுவிக்கொண்டு கிளம்புவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சொன்ன வார்த்தைக்குள் மாட்டிக்கொண்டவர், அவ்வளவுதான். மருமகளும் ஒரு நாளும் சோறு போடட்டுமா என்று கேட்டதில்லை. இவளுக்கு விஷயமே தெரியாது என்றுதான் அந்தம்மா நினைத்திருந்தார்.

ஒரு புதன்கிழமை மலேயாக்காரம்மாவின் வீட்டில் கூடினோம். அவள், இன்றைக்கு ஜவ்வரிசியில் ஒரு இனிப்புச் செய்கிறேன் என்றாள். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் வரிசையில் காய்ச்சல் வந்தால் ஒழிய யாரும் ஜவ்வரிசியைத் தொடமாட்டார்கள். பேக்டரியிலிருந்து கிழங்குத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் எங்கள் கொல்லைக்கு அந்தப் பக்கம்தான். அந்தப் புளித்த நாற்றத்தை நாள் முழுக்கச் சுவாசித்துக்கொண்டு, அதே சரக்கை எவள் ஆசையாக வாயில் வைப்பாள்? ஊருக்கெல்லாம் பாயசத்துக்கு ஜவ்வரிசி அனுப்புவோம், எங்கள் பாயசத்துக்குச் சேமியா வாங்குவோம்.

அவள் சட்டை செய்யவில்லை. ஜவ்வரிசியைக் கண்ணாடி போல் ஆகும்வரை வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, டம்ளர்களில் அமுக்கி, தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு தட்டில் மிதக்கவிட்டாள். ஐஸ் பெட்டியை நாங்கள் யாரும் கண்ணால்கூடப் பார்த்திராத காலம். கருப்பட்டியைக் கெட்டிப் பாகாகக் காய்ச்சி ஆறவைத்தாள். ஏலக்காய் எங்கே என்று நான் கேட்டதற்கு, "ஏலக்காய் போட்டா உங்க பாயசமாயிருங்க்கா, இது எங்க ஊருது" என்றாள். எங்க ஊரு என்று அவள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்து தேங்காயைத் திருகி அம்மியில் ஓட்டிக் கெட்டிப்பால் பிழிந்தாள். பிழிந்துவிட்டு உப்பு ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டாள். இனிப்புக்கு எதற்கு உப்பு என்று டிரைவர் வீட்டுக்காரி கையைப் பிடிக்காத குறை. பாகு இனிக்க வேண்டும், பால் கரிக்க வேண்டும், இரண்டும் வாயில் சேரும்போதுதான் ருசி என்றாள் அவள். அந்த உப்பு இல்லாவிட்டால் அது வெறும் ஜவ்வரிசிதானாம்.

டம்ளர்களைத் தட்டில் கவிழ்க்கப் போகும் நேரம், வாசலில் செருப்புச் சத்தம். "பாப்பா, ஊட்ல ஆருங்க?" என்று அவள் மாமியார் வந்து நின்றார். பஸ் சீக்கிரமே கிடைத்துவிட்டதாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வர இன்னும் நேரம் இருந்தது. என்ன வாசம் அடிக்கிறது, பாகு காய்ச்சினீர்களா என்று கேட்டுக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் மூவரும் அடுப்பங்கரைக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டிரைவர் வீட்டுக்காரி கிசுகிசுத்தாள். "இனிப்புத்தானுங்க, பேசாம ஊத்திக் குடுங்க. ஒரு சிட்டிகை உப்பு உள்ள போறது அந்தம்மாளுக்கா தெரியப் போகுது? தின்னு முடிக்கட்டும், அப்பறம் நாம சொல்லிச் சிரிக்கலாம்." எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வீம்பு தானாக உடைந்துபோகுமே!

மலேயாக்காரம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மீதியிருந்த தேங்காய் மூடியை எடுத்துத் திருக ஆரம்பித்தாள். மறுபடி அம்மி, மறுபடி பிழிதல். புதுப் பாலை ஒரு சின்னச் சட்டியில் எடுத்துத் தனியாக வைத்தாள். உப்பு ஜாடிப் பக்கம் கையே போகவில்லை. எனக்கு அவள்மேல் எரிச்சல்கூட வந்தது. தனக்காக வாய்ப்பு வீடு தேடி வந்து உட்கார்ந்திருக்க, இப்படி ஒரு பெண் இருப்பாளா?

தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தோம். மாமியாருக்குச் சின்னச் சட்டியிலிருந்து ஊற்றினாள். எங்களுக்குப் பெரிய போசியிலிருந்து ஊற்றினாள். நான் ஒரு வாய் வைத்தேன். ஜில்லென்று வழுக்கிக்கொண்டு ஜவ்வரிசி, பின்னாலேயே கருப்பட்டி, கடைசியில் அந்தக் கரிப்பு. வருஷக்கணக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்த ஒரு சரக்குக்குள் இப்படி ஒரு ருசியா என்று அடுத்த வாயை அள்ளினேன். டிரைவர் வீட்டுக்காரியே வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தம்மா இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார். எங்கள் தட்டுகளைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார். "ஏம் பாப்பா, அவங்களுக்கு அந்தப் போசியில மோந்து ஊத்துன. எனக்கு மட்டும் எதுக்குச் சின்னச் சட்டி? கெட்டிப்பால் அவங்களுக்கு, தண்ணிப்பால் எனக்கா?"

குரலில் சிரிப்பில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் கையூன்றி எழுந்தேவிட்டார். கடலைக்காய்ப் பையை அங்கேயே விட்டுவிட்டுத் தூக்குப்போசியை மட்டும் எடுத்தார். இந்தக் கோபத்தில் படியிறங்கினால் இனி அந்தம்மா வரவே மாட்டார் என்று தெரிந்தது. மாதம் ஒரு டீயாவது குடிக்கிற உறவும் போய்விடும்.

மலேயாக்காரம்மா எழுந்து நின்றாள். "அத்தை, அந்தப் பால்ல உப்புப் போட்டிருக்குதுங்க. அதனாலதான் உங்களுக்கு வேறயாப் பிழிஞ்சேன். ரெண்டுமே கெட்டிப்பாலுதானுங்க."

அந்தம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உனக்கு ஆரு சொன்னா?" என்றார்.

"வந்த புதுசுலயே தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா ஒருக்காக்கூட ஏன்னு கேக்கல?"

"கேட்டா நீங்க வாறத நிறுத்திருவீங்களோன்னு பயமுங்க அத்தை. நீங்க சொன்னது சாமி முன்னால சொன்னது. உங்களுக்குத் தெரியாம அதுல நான் கை வெக்கலாமுங்களா?"

இத்தனை வருஷமாக அந்தம்மா தன் சபதத்தைத் தான் ஒருத்தியே சுமப்பதாக நினைத்திருக்கிறார். பல்லு சரியில்லை என்று பொய் சொல்லியிருக்கிறார். எதிரே நின்றவள் அந்தப் பொய்யை நம்புகிற மாதிரி நடித்து, சபதத்தின் மறுபக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இதெல்லாம் அந்த முகத்தில் ஒவ்வொன்றாக ஓடியதை நான் பார்த்தேன். அழுதுவிடுவாரோ என்று நினைத்தேன். அழவில்லை. தூக்குப்போசியைக் கீழே வைத்தார். திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து, தட்டை எடுத்து நீட்டினார்.

"அந்தப் பாலயே ஊத்து சாமி."

மலேயாக்காரம்மா பெரிய போசியைத் தூக்கினாள். டிரைவர் வீட்டுக்காரிதான் அடக்கமுடியாமல், "ஏனுங்கம்மா, கோயில்ல சொன்ன பேச்சு?" என்றாள்.

"சொன்னது நானு. சாமிகிட்ட நாம் பேசிக்கறேன். நீ பேசாம தின்னு."

பாலை ஊற்றினாள். அந்தம்மா கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். தட்டு காலியாகும்வரை நாங்கள் மூவரும் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். விரலை வழித்து முடித்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது. உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

அவ்வளவுதான், மலேயாக்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்தம்மா பதறிப்போய், "ஐயோ, செரியாத்தான் இருக்குது கண்ணு, நாஞ் சும்மா சொன்னேன்" என்றார். அவளோ அழுகைக்கு நடுவே, "இல்லீங்க அத்தை, கம்மிதானுங்க, கம்மிதானுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டிரைவர் வீட்டுக்காரி மூக்கைச் சிந்தினாள். நான் எதற்கென்றே தெரியாமல் எல்லாத் தட்டுகளையும் எடுத்துக் கழுவப் போய்விட்டேன்.

அடுத்த மாதம் அந்தம்மா வந்தபோது தூக்குப்போசி காலியாக இருந்தது. திரும்பும்போது அதில் மருமகள் வைத்த பருப்புக் குழம்பு போனது. அதற்குப் பிறகு குறை சொல்லாத நாளில்லை. புளி ஜாஸ்தி, காரம் கம்மி, இந்தக் கத்தரிக்காயை இப்படியா அரிவது? புதன்கிழமைகளில் மலேயாக்காரம்மாவும் எங்களோடு சேர்ந்து புலம்ப ஆரம்பித்தாள். அவள் அளவுக்குச் சந்தோஷமாக மாமியாரைப் புலம்பிய மருமகளை நான் இதுவரை பார்த்ததில்லை.

சில வருஷத்தில் நாங்கள் மூவரும் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டோம். இப்போது என் வீட்டில் நானே மாமியார். ஜவ்வரிசி இனிப்பை மட்டும் விடவில்லை, வீட்டுக்கு யார் வந்தாலும் செய்வேன். பாலில் உப்புப் போடும்போதெல்லாம் அவள் இன்னொரு மூடியைத் திருகிக்கொண்டிருந்த அந்த நேரம் ஞாபகம் வரும். அன்றைக்கு நாங்கள் சொன்னபடி ஏமாற்றி ஊட்டியிருந்தால் அந்தம்மாவின் வாய்க்குள் உப்புப் போயிருக்கும், ஆனால் அந்தத் தட்டு ஒருநாளும் மருமகள் பக்கம் நீண்டிருக்காது.