அம்மாவின் ப்ளூ மூன்

என் அப்பாவுக்கு இங்கிலீஷ் என்றால் பைத்தியம். சாந்தோமில் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்கூடத்தோடு விட்டாரா? சாயங்கால ஜெபமாலை முடிந்து காப்பி குடிக்கும்போது, அவர் சொல்லும் ஒரு இங்கிலீஷ் தொடரை வைத்து வீட்டில் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். அதுவும் சொந்த வாழ்க்கையிலிருந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவுக்கு இங்கிலீஷே தெரியாது; அவளுக்கும் விலக்கு கிடையாது. தமிழில் பேசி, நடுவில் அந்தத் தொடரைச் செருகினால் போதும்.

யுத்தகாலம். அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் இருந்தான். லீவில் வந்தது ஒரே ஒரு தடவை. அவன் திரும்பி ரயிலேறிய மறுநாள் அப்பா கொடுத்த தொடர், 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்'.

"நிலா எங்கேயாவது நீலமா இருக்குமாங்க?" என்றாள் அம்மா.

"நிலாவை விடு. எப்பவோ ஒரு தடவை நடக்கிறதை இப்படிச் சொல்வாங்க."

"அப்போ, என் மகன் வீட்டுக்கு வர்றது ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன். சரியா?"

"பலே! ஆனா ஒண்ணு, நடக்கவே நடக்காததுக்கு இதைச் சொல்லக் கூடாது" என்றார் அப்பா.

சில மாதங்களில் தந்தி வந்தது. அண்ணனைக் காணவில்லையாம். செத்தான் என்றும் இல்லை, பிழைத்தான் என்றும் இல்லை. காப்பி நேரத்து வாக்கியங்கள் அன்றோடு நின்றன. எனக்குப் பிடிக்காத அந்தக் கூத்துக்காக நானே ஏங்குவேன் என்று யார் கண்டது! அண்ணன் வேண்டுமென்றே கோணல்மாணலாக ஏதாவது சொல்வான், அப்பா தலையில் அடித்துக்கொள்வார். பாழாய்ப்போன மனசு தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அதைத்தான் தேடியது.

யுத்தம் முடிந்தது. தெருவில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு ஜட்கா சத்தத்துக்கும் அம்மா எழுந்து வாசலுக்குப் போய் வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள், "உங்க மகன் பட்டாளத்துல இருக்காராமே, அடிக்கடி வருவாரா?" என்று கேட்டுவிட்டாள்.

"எங்கே! ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்றாள் அம்மா.

நான் அப்பாவைப் பார்த்தேன். பங்குச் சாமியாரின் இங்கிலீஷையே திருத்துகிற மனுஷன்.

"ஆமாங்க, லீவு கிடைக்கிறது கஷ்டம்" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள்: "நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னே" என்றார் அப்பா.