மேவ்லிதா அடைத்த காற்று

எங்கள் போஸ்னிய மலையூர்ப் பள்ளியைக் கூட்டிப் பெருக்கியவள் மேவ்லிதா. வகுப்பில் எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தால் போதும், ஆசிரியை என்றுகூடப் பார்க்காமல் என்னைத் திட்டித் தீர்ப்பாள்.

"பிள்ளைங்க கழுத்துல குறுக்குக் காத்து அடிக்குது. உனக்குப் புத்தி எங்க போச்சு?"

குறுக்குக் காற்றுக்கு எங்கள் ஊரில் எல்லோருக்கும் பயம்தான். அவளுக்குக் காரணமும் இருந்தது. போர் நடந்த குளிர்காலத்தில், ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் படபடத்த இதே பள்ளியில் படித்த அவள் மகள் செதீனா, நுரையீரலில் சளி கட்டிச் செத்துப்போனாள். கழுத்தில் பட்ட காற்றுதான் கொன்றது என்று மேவ்லிதா நம்பினாள்.

பிறகு வெளிநாட்டுப் பணத்தில் பள்ளியின் முன்கட்டைப் புதுப்பித்தார்கள். சுவருக்குத் தடித்த உறை, இரட்டைக் கண்ணாடி, கூரையில் காற்று மாற்றும் மெஷின். குளிர்காலம் முழுக்கச் சூட்டையும் காற்றையும் அளப்பார்கள். தேறினால் ஒழுகும் பின்கட்டுக்கும் பணம் வரும். தேறாவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம் இது.

அளவுக் கருவிகளைக் கழற்ற வந்த பொறியாளர் நெஜாத் ஏணியில் ஏறினான். மெஷினின் காற்று வகுப்புக்குள் வரும் துளைகளிலிருந்து கம்பளிக் காலுறைகளாக உருவிப் போட்டான். எல்லா வகுப்பிலும் அப்படித்தான்.

"யாரு வேலை இது?"

"என் வேலைதான். நானே பின்னினது," என்றாள் மேவ்லிதா பெருமையாக. "இந்தக் குளிருல ஒரு பிள்ளை இருமுச்சா, கேட்டுப் பாரு!"

"சூடு நல்லா நின்னிருக்கு அத்தை. ஆனா காத்து கெட்டுப்போயிருக்கு. பிள்ளைங்க தூங்கி வழிஞ்சிருக்கும். கட்டடம் தேறலைன்னு எழுதி அனுப்பியாச்சு."

"அதான் எடுத்துட்டியே. மறுபடி அளந்து பாரேன்டா, கெஞ்சிக் கேக்குறேன்."

"பணம் அடுத்த ஊருக்குப் போயிருச்சு அத்தை."

அவள் நம்பாமல் ஏணியில் ஏறித் துளையில் கை வைத்தாள்.

"வெளிய பனி கிடக்கு. இது வெதுவெதுன்னு வருதே?"

"வெளிய போற காத்தோட சூட்டை வாங்கித்தான் உள்ள விடும். அதுக்குத்தானே மெஷினு."

"இதை ஏன்டா எனக்கு யாரும் சொல்லலை?"

அத்தனை பேர் வந்து ரிப்பன் வெட்டினார்கள். கூட்டுகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்ல ஒருவனுக்கும் வாய் வரவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. அவள் ஏணியிலேயே நின்று, அந்தக் காற்றுக்குக் கழுத்தைக் காட்டியபடி, மகள் பெயரைச் சொல்லி அழுதாள்.

கோடையோடு பள்ளியை மூடினார்கள். இப்போது பிள்ளைகள் நகரத்துப் பேருந்துக்காக மலைச்சாலையில் நிற்கிறார்கள். காற்று நேராக அவர்கள் கழுத்தில் அடிக்கிறது. தன் வீட்டில் சாலை பார்த்த ஜன்னலை மேவ்லிதா திறப்பதே இல்லை.