இளவரசரின் படத்தில் உட்கார்ந்திருந்தவன்

1917 பிப்ரவரி. போரினால் ரோடன்பாக் நகரத்தில் உருளைக்கிழங்கு தீர்ந்துபோய், மூன்று வேளையும் டர்னிப் கிழங்கையே தின்றுகொண்டிருந்த குளிர்காலம். குவாண்ட் ஸ்டூடியோவில் டச்சிங் வேலைக்குச் சேர்ந்து அல்வீனா கெஸ்லருக்கு அந்த மாதத்தோடு இருபது வருடம் நிறைந்திருந்தது.

கண்ணாடித் தகட்டில் பதிந்த முகங்களைக் கத்தியாலும் பென்சிலாலும் திருத்துவதுதான் அவள் வேலை. நகர மேயரின் மனைவிக்கு இடுப்பைச் சிறிதாக்கியிருக்கிறாள். பல் இல்லாத நீதிபதிக்குப் பல் வைத்திருக்கிறாள். இளவரசரின் இரட்டைத் தாடையை இத்தனை வருடமும் ஒற்றைத் தாடையாகக் காப்பாற்றி வந்தவள் அவள்தான். அதனாலேயே கடை வாசலில் 'அரண்மனைப் புகைப்பட நிலையம்' என்ற பலகை தொங்குகிறது என்று முதலாளி குவாண்ட்டிடமே சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார், கொஞ்சம் பயத்தோடு.

அந்த மாதம் அரண்மனையிலிருந்து ஒரு தகடு வந்தது. நவம்பரில் இளவரசர் போர்முனைக்குப் போய் வீரர்களைப் பார்த்த படம். பதுங்கு குழியில் நான்கு சிப்பாய்கள். மூன்று பேர் மடிப்புக் கலையாத புதுச் சீருடையில் விறைப்பாக நிற்கிறார்கள். இளவரசர் கையில் சுருட்டுப் பெட்டி. அவர் காலடியில் நான்காவது ஆள் உட்கார்ந்திருக்கிறான். ஒரு பூட்ஸ் கழற்றிக் கிடக்கிறது. இளவரசர் வந்ததே தெரியாதவன்போல் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தகட்டைக் கொண்டுவந்த அரண்மனை அதிகாரி கேப்டன் ஷ்டெல்லின் சொன்னார்: "அந்த உட்கார்ந்திருக்கறவன எடுத்துடு. அந்த இடத்துல மண் சுவரு வந்துடணும். இளவரசர் பிறந்தநாளுக்கு அஞ்சலட்டையா போகப்போற படம்."

கேப்டன் போன பிறகு அல்வீனா ஒரு பிரதி போட்டுப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தவனின் முகம் தெரிந்த முகமாக இருந்தது. சலவைக்காரி லீனா ராவ்ஷை ஆளனுப்பிக் கூப்பிட்டாள்.

லீனா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்தாள். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என் புள்ள எமில்தான். லீவுல வந்த பையன் ஒருத்தன் சொன்னான் அல்வீனா. படம் எடுக்கறதுக்குன்னு அன்னிக்குக் காலையில புதுச் சட்டை குடுத்தாங்களாம். இவனுக்குக் கால் அழுகி வீங்கிப்போச்சு. பூட்ஸ் ஏறல. ஏறலன்னா ஏறலதான், உட்கார்ந்தே இருக்கேன்னு சொல்லிட்டானாம்."

"அவன் அப்படித்தான் சொல்லுவான் அக்கா."

ஜனவரியில் எமில் குண்டடிபட்டுச் செத்திருந்தான். உடல் கிடைக்கவில்லை. வீட்டில் அவன் படம் ஒன்றுகூடக் கிடையாது. கடையின் கண்ணாடிப் பெட்டியில், போரில் இறந்த ஊர்ப் பிள்ளைகளின் படங்களை மூலையில் கறுப்பு ரிப்பன் கட்டி வைப்பார்கள். ஊரில் எல்லாத் தாய்மார்களும் அங்கே வந்து நிற்பார்கள். லீனா மட்டும் எதிர்ப்பக்க நடைபாதையில் போய்விடுவாள்.

"அந்தப் பெட்டியில என் புள்ளைக்கும் ஒரு எடம் வேணும்," என்றாள் லீனா.

அல்வீனா யோசித்தாள். எமிலை மட்டும் வெட்டி எடுத்தால் அவன் தலைக்குப் பின்னால் இளவரசரின் இரண்டு பூட்ஸ் மட்டும் நிற்கும். முழுப் படத்தையும் வைத்துவிட முடிவு செய்தாள்.

குவாண்ட் கைகளைப் பிசைந்தார். "எடுக்கச் சொன்ன ஆளையே கண்ணாடிப் பெட்டியில வைக்கறியா? பலகை போயிடும் அல்வீனா!"

"மருவை எடுத்திருக்கேன், தொப்பையை எடுத்திருக்கேன் முதலாளி. மனுஷனை எடுத்ததில்ல. இனிமேலும் எடுக்கமாட்டேன்."

சனிக்கிழமை காலை, சந்தைக் கூட்டம் கூடுவதற்கு முன்பே படம் பெட்டிக்குள் ஏறியது. வழக்கம்போல் மூலையில் கறுப்பு ரிப்பன். அந்த ரிப்பன் ஊர்க்காரர்களுக்கு என்ன சொல்லும் என்று அல்வீனா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

முதலில் பார்த்தவள் கசாப்புக் கடைக்காரி. "அய்யோ, இளவரசர் போயிட்டாரு!"

கால் மணி நேரத்தில் தெரு நிரம்பிவிட்டது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். தேவாலய மணியடிப்பவர் கோபுரத்தை நோக்கி ஓடினார். "சுருட்டு குடுக்கப் போன எடத்துலயே சுட்டுட்டானுங்களாம்," என்று ஒருவர் நேரில் பார்த்ததுபோல் சொன்னார். "அப்ப நாளைக்கு லீவு விடுவாங்களா?" என்று இன்னொருவர் கேட்டு, மனைவியிடம் அடி வாங்கினார்.

மணி ஒலிக்கத் தொடங்கியதும் கேப்டன் குதிரையில் வந்தார். நேராகக் கடைக்குள் நுழைந்தார்.

"ரிப்பனை அவுத்துடு! உடனே!"

"ரிப்பன் செத்தவனுக்குக் கட்டினது கேப்டன் ஐயா. அவன் இன்னும் எழுந்து வரலியே."

"நான் எடுக்கச் சொன்ன ஆளு அவன்!"

"யாராவது ஒருத்தரைக் கட்டாயம் எடுத்துத்தான் ஆகணும்னா இளவரசரை எடுத்துடறேன். அப்புறம் அவருக்கு முன்னாடி யாரும் உட்கார்ந்த மாதிரி இருக்காது."

குவாண்ட் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே மணி விடாமல் அடித்தது. அழுகைச் சத்தமும் கேட்க ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் கேப்டன் வாசல்படியில் ஏறி நின்று கத்தினார்.

"இளவரசர் நல்லா இருக்காரு! இப்பத்தான் காலைச் சாப்பாடு சாப்பிட்டாரு! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

தொப்பிகள் தலைக்குத் திரும்பின. கூட்டம் நகரவில்லை.

"அப்ப ரிப்பன் யாருக்கு?" என்று கசாப்புக் கடைக்காரி கேட்டாள்.

கேப்டன் உதட்டைக் கடித்தார். பதில் சொல்லாவிட்டால் பழையபடி இளவரசரைக் கொன்றுவிடுவார்கள்.

"அதோ, அந்த உட்கார்ந்திருக்கறவனுக்கு."

"அட, நம்ம லீனாவோட மவன் எமில்!"

போட்ட தொப்பிகள் ஒவ்வொன்றாக மறுபடி கீழே இறங்கின. லீனாவுக்கு வழி விட்டார்கள். அவள் முதல்முறையாக அந்தப் பெட்டியின் முன்னால் வந்து நின்றாள். மணியடிப்பவரிடம் யாரும் போய்ச் சொல்லாததால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே பெட்டியில் கைவைக்க முடியாமல் கேப்டன் தகட்டை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வேற ஊர்ல ஆள் இல்லாமலா போச்சு? அங்க குடுத்து அவனைச் சுரண்டிக்கறேன்."

"சுரண்டுங்க. இங்க எல்லாரும் பாத்தாச்சு."

மார்ச்சில் அஞ்சலட்டை வெளிவந்தது. அதில் மூன்று சிப்பாய்கள்தான் இருந்தார்கள். ரோடன்பாக் கடைகளில் அதை வாங்க ஆள் இல்லை. அதற்குள் அரண்மனை ஆட்கள் கடை வாசலிலிருந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அல்வீனா வேலையை இழந்து, பக்கத்து ஊர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் குண்டுகளுக்கு மருந்து அடைக்கப் போனாள். ரிப்பன் கட்டிய படம் போர் முடியும்வரை பெட்டியில் இருந்தது. பிறகு லீனா அதை வீட்டுக்கு எடுத்துப்போனாள்.