சரிங்க

திண்டிவனம் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து யாராவது "சரிங்க" என்றால் இன்றும் சட்டென்று திரும்பிப் பார்த்துவிடுவேன்.

விழுப்புரம் கோர்ட்டில் ஒரு பெண்ணின் வழக்கில் அரசுத் தரப்பு வக்கீலாக நின்றேன். பதினாறு வயதில் அவளைத் தாய்மாமனுக்குக் கட்டிவைத்திருந்தார்கள்.

"நீ இஷ்டப்பட்டுத்தானம்மா கட்டிக்கின?" என்று கேட்டார் மாமனின் வக்கீல்.

"சரிங்க" என்றாள்.

"பாத்தீங்களா, ஆமான்றா" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டுக்குக் கீழே சம்மதம் செல்லாது என்று சட்டம் சும்மாவா சொல்கிறது, மாட்டேன் என்று சொல்ல வழியில்லாதவள் சொல்லும் சரிக்கு என்ன அர்த்தம் என்று கத்திவிட்டேன்.

நீதிபதி என்னைக் கையமர்த்திவிட்டு அவளிடம் மெதுவாகக் கேட்டார். "வீட்டுக்குப் போறியாம்மா, இல்ல காப்பகத்துல இருக்கறியா?"

அவள் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"சரிங்க."