மஸ்தான், தகப்பனார் பெயர் வீரணன்

எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டே, அவர் வரவில்லை என்று சொல்ல வேண்டிய நிலை ஒருநாள் எனக்கு வந்தது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முன்னால், கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு முன்சீப் கோர்ட்டில் நான் டபேதாராக இருந்தேன். எந்த ஊர்க் கோர்ட்டு என்பது வேண்டாம். வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என் வேலை. மூன்று தரம் கூப்பிட்டும் பிரதிவாதி வராவிட்டால் கேஸ் எக்ஸ்பார்ட்டி. வாதி பக்கம் தீர்ப்பாகிவிடும். நல்ல தொண்டை என்றுதான் இந்த வேலையைக் கொடுத்தார்கள். தொண்டையால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. வந்ததெல்லாம் பெயர்களால்தான்.

கோடை லீவு முடிந்து ஒரு புது முன்சீப் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நேர்மையானவர், கெட்டிக்காரர். பெயரைக் கேட்டாலே ஆளின் மதம் தெரிந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். அவருடைய ஊரில் அப்படித் தெரிந்திருக்கலாம்.

அந்த வாரம் ஒரு கிணற்றுக் கேஸ் வந்தது. இரண்டு வயலுக்கும் பொதுவான கிணறு முழுக்கத் தன்னுடையது என்று பெருமாள் என்பவர் பிராது போட்டிருந்தார். பிரதிவாதி பக்கத்து வயல்காரனான மஸ்தான். அந்தத் தண்ணீர் போனால் அவனுக்கு வயல் இருந்தும் இல்லாத மாதிரிதான். பிராதை எழுதிய வக்கீல் குமாஸ்தா, மஸ்தான் என்றால் முஸ்லிமாகத்தான் இருக்கும் என்று தன்பாட்டுக்கு 'ராவுத்தர்' என்று சேர்த்துவிட்டார்.

"மஸ்தான் ராவுத்தர்" என்று கூப்பிட்டேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

"நீ யாரு?" என்றார் முன்சீப்.

"மஸ்தானுங்க எசமான்."

"ராவுத்தரா?"

"இல்லீங்க. வீரணன் மகன். ராவுத்தர்னு யாரோ தப்பா எழுதிப்புட்டாக."

"விபூதி பூசிக்கிட்டு மஸ்தான்ங்கிறியா? யார் உன்னை அனுப்பினது?"

வாதி வக்கீல் எழுந்து, "ஆள்மாறாட்டம் மாதிரி தெரியுதுங்க" என்றார். வாதி பெருமாளும் அங்கேதான் நின்றார். மஸ்தானோடு சின்ன வயசிலிருந்து ஒரே கிணற்றில் கமலை இறைத்தவர், தலைக்கு மேலே ஆடிய பங்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். "அய்யா, இவரு..."

"டபேதார், உன்னைக் கேட்கலை. அவனை வெளியே நிறுத்திட்டு மறுபடி கூப்பிடு."

நிறுத்தினேன். கூப்பிட்டேன். "இங்கன இருக்கேங்க" என்றான் மஸ்தான். மூன்றாம் தரம் கூப்பிட்டதற்கும் அதையேதான் சொன்னான். ஆஜரில்லை என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று; எழுதிக்கொண்டு பெருமாள் பக்கம் தீர்ப்பாக்கினார்கள்.

கோர்ட்டு சாப்பாட்டுக்குக் கலைந்தபோது அவன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, நான் அங்கனதான நின்னேன்?"

"நின்ன."

"நீங்க கூப்புட்டதுக்கு இருக்கேன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"பெறகு எப்பிடிண்ணே நான் வரலைன்னு ஆச்சு?"

உள்ளே காட்ட முடியாத எரிச்சலை அவனிடம் காட்டினேன். "உங்க ஆத்தா ஒரு முருகன், கருப்பன்னு வச்சிருந்தா இந்தக் கூத்து வந்திருக்குமா? போயி ஒரு வக்கீலப் பிடிச்சு, தீர்ப்ப ரத்து பண்ணணும்னு மனுப் போடு."

அவன் மனுப் போட்டான். விசாரணைக்கு இரண்டு பெண்கள் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். ஒருவர் அவனுடைய தாய் வீராயி. மற்றவர் அடுத்த வீட்டுப் பாத்திமா பீவி. வெள்ளைத் துப்பட்டியால் தலையை மூடியிருந்தார்.

முன்சீப் தாயைக் கேட்டார். "உங்க வீட்டுப் பிள்ளைக்கு மஸ்தான்னு எப்படிப் பேர் வந்தது?"

"இவனுக்கு முன்னாடி பெத்தது ரெண்டும் தங்கலை சாமி. வித்துட்டாத் தங்கும்னு இவன் பெறந்ததும் மொறத்துல போட்டு இவுக வீட்டு வாசல்ல வச்சிட்டேன். இவுக தவிட்டக் குடுத்து வாங்கிக்கிட்டாக. பெறகு வளக்கச் சொல்லி எங்கிட்டயே குடுத்தாக. வாங்குனவுகதான பேரு வைக்கணும்."

பாத்திமா பீவி தொடர்ந்தார். "தர்காவுக்குத் தூக்கிட்டுப் போயி நான் வச்ச பேருங்க. அல்லா நெனப்புலயே தன்னை மறந்து கெடக்குற பெரியவுகள மஸ்தான்னு சொல்லுவாக. அப்பிடி ஒருத்தர் அடங்குன எடம் அது."

வாதி வக்கீல் விடவில்லை. "அப்ப இவன் இந்துவா, முஸ்லிமா?"

"நான் வாங்குனது உசுரங்க வக்கீலய்யா. மதத்த வாங்கலை. இவன் அவுக மகன். பேரு மட்டுந்தான் எங்களது."

முன்சீப் பெருமாள் பக்கம் திரும்பினார். "வயல்ல இவனை நீ என்னன்னு கூப்பிடுவே?"

"மஸ்தான்னுதாங்க."

"அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"என்னைய யாரும் கேக்கலைங்க."

தீர்ப்பு ரத்தானது. கேஸ் முறையாக நடந்து கிணற்றுப் பங்கு மஸ்தானுக்கே நின்றது. இனிமேல் சிக்கல் வராமல் வேறு பெயராக மாற்றிக்கொள்ளலாமே என்று அன்றைக்கு முன்சீப் நல்ல மனதோடுதான் சொன்னார். வீராயி கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாம் சாமி, இந்தப் பேருக்குத்தான் இவன் தங்கியிருக்கான்" என்றார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக வேலை பார்த்திருப்பேன். முன்சீப்புக்கு இப்போது பெயர்கள் மேல் ஆசை வந்துவிட்டது. கூண்டில் ஏறுகிறவர்களை எல்லாம், பெயருக்கு என்ன பொருள், யார் வைத்தது என்று கேட்க ஆரம்பித்தார். ராயப்பன்பட்டி சூசை, தன் பெயர் ஜோசப் என்பதன் தமிழ் என்றார். அடுத்த கேசுக்குக் காத்திருந்த உத்தமபாளையம் யூசுப் ராவுத்தர், "எங்களுக்கும் அதே பேருதாங்க" என்று எழுந்து சொல்ல, முன்சீப்புக்குத் தாங்க முடியாத சந்தோஷம். பேதுருதான் இராயப்பன், பவுல்தான் சின்னப்பன் என்று சூசை மேலும் சொல்லிக்கொண்டே போனார். சூசையின் வரப்புத் தகராறு வாய்தாவுக்குப் போனது. தேக்கடிப் பக்கத்திலிருந்து வந்த மிளகு வியாபாரி வர்க்கி, தன் பெயர் ஜார்ஜ்தான் என்று மலையாளத்தில் விளக்கியபோது வெளியே ஜனம் பஸ்ஸைத் தவறவிட்டு என்னைத் திட்டியது. அமாவாசை என்ற கிழவர் மட்டும், "அன்னிக்குப் பெறந்தேன், வச்சாக. கேஸ எடுங்க எசமான்" என்றார். அவரைக் கும்பிடலாம்போல இருந்தது.

ஆபீஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒருவர் இதுதான் என் பெயர் என்றால், நெற்றியைப் பார்க்காமல் அதை எழுதிக்கொள்ளுங்கள். வேறு ஆளோ என்று சந்தேகம் வந்தால் தெரிந்தவர்களை நேராகக் கேளுங்கள். கேட்காதவரை சிலர் வாயைத் திறக்கமாட்டார்கள். பெயரின் பொருள் நல்ல விஷயம்தான். அதை, வந்தவருடைய வேலையை முடித்துக் கொடுத்த பிறகு கேளுங்கள்.